ஒரே ஜோடி, மூன்று வரவேற்பு

இருந்தவர்கள்: ஹோட்டல் மேனேஜர் பாஸ்கரன், இன்னிசைக் குழுத் தலைவர் கீபோர்டு ஜெயசீலன், அவர் குழுவினர் ஐந்து பேர், மணமேடையில் யோகராஜ், தவமணி, சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் அறுபத்திரண்டு பேர், எங்கள் கோவை மேலாளர் ரெஜினா மேடம், நான். இல்லாதவர்கள்: பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், தாய்மாமன், புரோகிதர், இரண்டு பக்கத்திலும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு குஞ்சு குருமான்கூட.

குன்னூரில் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய ஆய்வறிக்கையின் முதல் பத்தி இது. எங்கள் அலுவலகத்தில் எந்த அறிக்கையும் இப்படித்தான் தொடங்க வேண்டும். யார் இருந்தார்கள், யார் இல்லை. மற்றதெல்லாம் பிறகு.

போன மாதம் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டி முடித்ததும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது ஹோட்டல்காரர் கைப்பேசியிலேயே விண்ணப்பித்து, கைப்பேசியிலேயே கட்டி, உரிமச் சீட்டையும் கைப்பேசியிலேயே வாங்கிவிடுகிறார். "ஆப் இல்லாத காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க, யார் பாட்டுப் போடறாங்கன்னு?" என்று ஒரு பெண் கேட்டாள். "காதாலதாம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. அன்று நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். எந்தத் தாளிலும் பெருவிரலை உருட்டித்தான் பழக்கம். ஆகவே எனக்கு, எழுத்தில் எது வந்தாலும் கடைசிப் புள்ளி வரை படிக்காமல் விட முடியாது. தீப்பெட்டியின் பின்பக்கத்தையும் படிப்பேன். பி.காம். முடித்து ஓர் எஸ்டேட் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். தேயிலை விலை விழுந்தபோது முதலில் எழுத்தர்களைத்தான் குறைத்தார்கள். அப்போது எனக்கு முப்பது வயது. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டமைக்கிறவர்களுக்கும் சேர வேண்டிய தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சங்கம், நீலகிரிக்குக் கள ஆய்வாளர் தேவை என்றது. சென்னையில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு விதிப் புத்தகமும் ஒரு ரெக்சின் பையும் தந்தார்கள். புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். பையின் ஜிப் இரண்டாம் மாதமே போய்விட்டது.

அம்மாவுக்கு வேலையை விளக்கியது பெரிய பாடு.

"பாட்டுப் பாடுனா காசு வாங்குற உத்தியோகமா? அப்ப காலையில பேர் குடுக்குற பிரட்டுல நாங்க பாடிக்கிட்டு நிக்கிறோமே, அதுக்கு?"

"அது இல்லம்மா. ஹோட்டல்ல, கிளப்புல, கடையில, வியாபாரத்துக்காகப் பாட்டு வச்சா, அதை எழுதுனவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒரு பங்கு போகணும்."

"பாடுனவனுக்கு?"

"பாடுறவருக்கு அன்னைக்கே கூலி குடுத்துருவாங்கம்மா. எழுதுனவரு அங்க இருக்க மாட்டாரில்ல, அவருக்காக நான் போறேன்."

அம்மா தலையாட்டினாள். "வராதவன் பேருக்குக் கூலி வாங்கிக் குடுக்குற. நல்ல உத்தியோகந்தான். எங்க காலத்துல கங்காணி அதை வாங்கித் தானே வச்சுக்குவான்."

முதல் வருடம் முழுவதும் வாக்குவாதம்தான். கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்காரர், "கேசட்டு நான் காசு குடுத்து வாங்குனதுங்க. இதுல எவனுக்குங்க பங்கு?" என்றார். வீட்டில் போட்டுக் கேட்டால் ஒன்றுமில்லை, கடையில் போட்டு ஆள் கூட்டினால்தான் உரிமம் என்று புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன்.

"எங்கடைக்கு ஆளு வர்றது வர்க்கிக்குங்க. பாட்டுக்கில்ல."

"அப்படின்னா பாட்டை நிறுத்திடுங்க. உரிமம் வேண்டாம்."

சட்டென்று நிறுத்திவிட்டார். பேசாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். கால் மணி நேரத்துக்குள் மூன்று பேர், "ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். நாலாவது ஆள், "ஊட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?" என்று கேட்டதும் கல்லாவைத் திறந்து, அந்த வருடத்து உரிமத்துக்குப் பணத்தை எண்ணி வைத்தார். போகும்போது ஒரு பொட்டலம் வர்க்கியும் கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்த வாசனையை விட்டு வெளியே வந்ததை நான் இன்றும் ஒரு சாதனையாகத்தான் நினைக்கிறேன்.

அந்த விதியை எனக்குள் இறக்கியவர் ரெஜினா மேடம். என்னைவிட இரண்டு வயது இளையவர். லவ்டேல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், அப்பா வாத்தியார். கோவையில் மேலாளராக இருந்தார். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு, மற்ற ஆறு நாளும் எங்களை வாசிப்பார். ஆய்வுக்குப் போகும் இடத்தில் உட்கார மாட்டார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் பர்லியாரில் வண்டி நிற்கும்போது பழம் ஏதாவது வாங்கிக்கொள்வார். அதுவும் ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் காப்பியும்தான் அன்றைய சாப்பாடு. ஹோட்டலுக்குள் நேராகப் போகவும் மாட்டார். வெளியே குடை பிடித்து நின்று, மூன்று பாட்டு முழுசாகக் கேட்டு, பென்சிலால் எழுதிக்கொண்ட பிறகுதான் படியேறுவார். "உள்ள போனா நம்ம மூஞ்சியப் பார்த்ததும் சாமி பாட்டுக்கு மாத்திடுவாங்க சார். சாமி பாட்டையும் ஒரு ஆசாமிதான் எழுதியிருக்கார்ங்கறது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவருக்குக் கோபமே வராது. எதைச் சொன்னாலும் முதலில், "சந்தோஷங்க" என்பார். அதற்கு அடுத்து வரும் கேள்விக்குத்தான் ஆட்கள் வியர்ப்பார்கள்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போயிருந்த வருடம் அது. பிக்கட்டிப் பக்கம் சிலர் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி உருளைக்கிழங்கு போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பல ஃபேக்டரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் புகை வந்தது. ஆனால் சீசனுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மட்டும் குறையவில்லை. குன்னூரில் ஒரு நடுத்தர ஹோட்டலில், ஞாயிறு மதியம் இன்னிசைக் கச்சேரி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மே மாத முதல் ஞாயிறு அங்கே போனேன். வாசலில் தெர்மோகோல் எழுத்தில் ஒரு பலகை: யோகராஜ் – தவமணி திருமண வரவேற்பு.

எங்கள் விதிப் புத்தகத்தில் உரிமம் தேவையில்லாத நிகழ்ச்சிகள் என்று ஒரு பகுதி உண்டு. கல்யாணமும் அதை ஒட்டிய கொண்டாட்டமும் அதில் முதலில் வரும். எவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்தாலும், எத்தனை பாட்டு வாசித்தாலும், சட்டம் அங்கே கை கட்டி நிற்கும். நானும், 'திருமண நிகழ்ச்சி, விலக்கு உண்டு' என்று குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு அப்படியே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கல்யாண வாசல் வரை போய்விட்டு மொய் எழுதாமல் வருவது எப்படி? எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அப்படிச் செய்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

"மொய் எங்கங்க எழுதறது?" என்று மேனேஜர் பாஸ்கரனைக் கேட்டேன்.

அவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு உள்ளே ஓடி, மஞ்சள் தடவாத ஒரு புது நோட்டைக் கொண்டுவந்தார். 'எம். தனபாலன், பதினொரு ரூபாய்' என்று எழுதிவிட்டு மேடையேறி வாழ்த்தினேன். பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே வந்தால், அதே பலகை, அதே பாட்டுச் சத்தம். போன வாரம் பெண் வீட்டு வரவேற்பு, இந்த வாரம் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் அப்படி உண்டுதானே. இரண்டு வீட்டுக்கும் செய்வதுதான் முறை என்று மறுபடி பதினொரு ரூபாய் எழுதினேன். அன்று பெண், "சார், நீங்க..." என்று ஏதோ சொல்ல வந்தாள். பாஸ்கரன் குறுக்கே வந்து என் கையில் சந்தனத்தைத் தடவிவிட்டார்.

இரண்டு அறிக்கையும் கோவைக்குப் போயின. செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"தனபாலன் சார், ரெண்டு வாரமும் பொண்ணு ஒரே பொண்ணுங்களா?"

"ஆமாங்க மேடம்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"புடவைகூட அதேதாங்க மேடம்."

அந்தப் பக்கம் பென்சில் தாளில் கீறும் சத்தம் கேட்டது. "சந்தோஷங்க. வர்ற ஞாயிறு நானும் வர்றேன்."

மூன்றாம் ஞாயிறு, தேவாலயத்தில் ஆர்கனுக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டு அவர் வந்திருந்தார். ஹோட்டலுக்கு எதிரே குடைக்குள் நின்று மூன்று பாட்டு எழுதிக்கொண்டார். உள்ளே போனதும், என் கண்ணில் இரண்டு வாரமாகப் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. தூணுக்குப் பின்னால் ஒரு சிறிய மேசை. அதில் கூப்பன் கட்டு. அதைப் பார்த்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. நேராக மேடைக்குப் போனார்.

"மொய் நோட்டைப் பார்க்கலாமுங்களா?"

பாஸ்கரன் கொடுத்தார். மேடம் முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டே வரி. இரண்டும் என் பெயர். நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தாராள மனசுங்க சார் உங்களுக்கு."

கீபோர்டு ஜெயசீலன் சிரிப்பை அடக்க முடியாமல் ஏதோ ஒரு கட்டையை அழுத்திவிட, அது 'பாங்' என்று அலறியது. எனக்குக் காது வரை சூடேறியது.

"பொண்ணோட அம்மா அப்பா எங்கங்க?" என்றார் மேடம். பாஸ்கரன் மாப்பிள்ளையைப் பார்த்தார். "மாப்பிள்ளை பக்கம்?" மாப்பிள்ளை மாலையைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "எழுதுங்க சார்" என்றார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் இருப்பது அப்போது எழுதியதுதான்.

பாஸ்கரன் அசரவில்லை. உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். "மேடம், நாங்க ஹாலை வாடகைக்கு விட்டிருக்கோமுங்க. நிகழ்ச்சி நடத்துறவரு யோகராஜ். இதா, கையெழுத்து. கல்யாணமா, கச்சேரியான்னு எங்களுக்கு என்னங்க தெரியும்? கட்டணம்னா அவரைக் கேளுங்க."

மூன்று ஞாயிறுக்கும் மூன்று தாள். 'நிகழ்ச்சி நடத்துபவர்' என்ற இடத்தில் யோகராஜின் கையெழுத்து.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "சார், மூணு வாரச் சம்பளத்துக்கும் ஒரேயடியா ஒப்பம்னு சொன்னாங்க. நான் படிக்கல சார்."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. யோகராஜ் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூளைக் காய வைக்கும் டிரையரைப் பார்க்கும் ஆள். ஃபேக்டரி மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. தவமணி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள், வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இருவருக்கும் பேசி முடித்துப் பரிசமும் போட்டாயிற்று. கல்யாணம் மட்டும் பணமில்லாமல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் மாலை போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், இருவருக்கும் சேர்த்து முந்நூறு ரூபாயும் சாப்பாடும் என்று பாஸ்கரன் கூப்பிட்டிருக்கிறார். எப்படியும் கட்டப்போகிற ஆளோடுதானே உட்காருகிறோம் என்று தவமணியும் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நேரடிக் கச்சேரிக்கு அப்போது எங்கள் கட்டணம் ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரத்து ஐந்நூறு. மூன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. வேலை இருந்த காலத்திலேயே யோகராஜுக்கு அது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். என் கையிலிருந்த படிவத்தில், 'கட்ட வேண்டியவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் நான் எந்தப் பெயரை எழுதுகிறேனோ, அந்தப் பெயருக்குத்தான் நோட்டீஸ் போகும். கையெழுத்து யோகராஜுடையது. படிக்காமல் போட்ட கையெழுத்து. என் அப்பாவின் பெருவிரல் நினைவுக்கு வந்தது. பேனா நகரவில்லை.

அப்போதுதான் பாஸ்கரனுக்கு அந்த யோசனை உதித்தது.

"மேடம், இது நிஜக் கல்யாணமாயிருந்தா கட்டணம் இல்லதானுங்களே?"

"இல்லைங்க."

"அப்ப இப்பவே கட்டிட்டா?" அவர் முகம் பெட்ரோமாக்ஸ் போலப் பிரகாசித்தது. "மாலை இருக்கு. மேடை இருக்கு. சாப்பாடு இருக்கு. மேளத்துக்கு ஆர்கெஸ்ட்ரா இருக்கு. டேய், ஓடிப்போய் பஜார்ல மஞ்சக் கயிறும் ஒரு துண்டு மஞ்சளும் வாங்கிட்டு வா! தம்பி, நீ எப்படியும் கட்டத்தானே போற? இன்னைக்கே கட்டு. அவங்களும் போயிருவாங்க, உனக்கும் பாரம் இல்ல, எனக்கும் பாரம் இல்ல. செலவு பூரா என்னுது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களுக்கு இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று தோன்றியிருக்க வேண்டும். கை தட்டினார்கள். ஒரு குழந்தை நாற்காலி மேல் ஏறி நின்றது. ஜெயசீலன் பழக்க தோஷத்தில் நாதஸ்வரச் சத்தத்தைத் தட்டிவிட்டார்.

யோகராஜ் மேடையை அண்ணாந்து பார்த்தார். "தவம்... கட்டிரட்டுமா? நாலாயிரத்தி ஐந்நூறுக்கு நான் எங்க போவேன்?"

தவமணி எழுந்து நின்றாள். மாலையைக் கழற்றவில்லை. மேடையை விட்டு இறங்கவும் இல்லை.

"எங்க அம்மா இந்நேரம் விறகு பொறுக்கிக்கிட்டு இருக்கும். எங்கப்பாவுக்கு நான் இங்க மாலை போட்டு உக்காந்திருக்குறதே தெரியாது. லயத்துல ஒரு சனத்துக்குச் சொல்லல. பெத்தவங்க இல்லாத எடத்துல, பிரியாணி தின்னுக்கிட்டு இருக்குறவங்களுக்கு முன்னால, இவரோட பில்லு மிச்சமாகணும்னு நான் கழுத்த நீட்டணுமா?"

"அம்மிணி, நல்ல நேரந்தானுங்க. நானே காலண்டர்ல பார்க்கறேன்" என்றார் பாஸ்கரன்.

"நீங்க பாத்த நேரத்துல நீங்க கட்டிக்குங்க."

நாதஸ்வரச் சத்தம் நின்றது.

யோகராஜைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். "நீ படிக்காம போட்டது தப்புதான். கட்டச் சொன்னா கட்டுவோம். ரெண்டு பேரும் கொந்தரப்பு, காண்ட்ராக்ட் வேலைன்னு போவோம். இன்னும் ஒரு வருசம் ஆகட்டும். மேடம், இது கல்யாணம் இல்ல. அப்படியே எழுதிக்கங்க."

உண்மையைச் சொன்னால் கடன் தன் தலையில் விழும் என்று தெரிந்தே சொன்னாள். நானும் எத்தனையோ வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். சொல்லும்போது அப்படி நிமிர்ந்து நின்ற ஆளைப் பார்த்ததில்லை.

"சந்தோஷங்க" என்றார் ரெஜினா மேடம். அவர் பார்த்தது பாஸ்கரனை. "ஒரே ஆள் ஒரே ஹாலை மூணு தடவை எடுத்திருக்கார். மூணு தாளும் ஒரே பேனா, ஒரே நாள்ல எழுதுனது. வாடகைன்னு போட்ட எடம் காலியா இருக்கே. எவ்வளவு வாங்குனீங்க?"

"தெரிஞ்ச பையனுங்க மேடம். சும்மா குடுத்தேன்."

"சந்தோஷங்க. சாப்பாடு?"

"அதுவும்... நம்ம செலவுதானுங்க."

"அறுபத்திரண்டு பேருக்கும் சும்மாவே போட்டீங்களா?"

முன் மேசையில் இருந்த பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து கூப்பனை எடுத்து நீட்டினார். "சும்மாவா? ஆளுக்கு நூற்றியிருபது கொடுத்தாச்சல்லோ! பாயசம்னு இதுல போட்டிருக்கு. இதுவரை வந்தில்லா."

மேடம் அந்தக் கூப்பனை இரண்டு விரலால் வாங்கி, என் படிவத்தின் மேல் வைத்தார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குச் சீட்டு விற்கமாட்டார்கள். பாட்டைக் காட்டி ஆள் கூட்டி, லாபத்துக்காக இடத்தைக் கொடுத்தவர் எவரோ அவர்தான் கட்ட வேண்டியவர். மேடையில் உட்கார்ந்தவரும் இல்லை, வாசித்தவரும் இல்லை. விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். ஆனால் கண்ணெதிரே ஒரு கூப்பனின் மேல் அது எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். காலிக் கட்டத்தில் ஹோட்டலின் பெயரை எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

பாஸ்கரன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் நின்றபடியே கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. இந்தக் கல்யாணத்துக்கு இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சுங்க?"

அவர் வாயாலேயே கணக்கு வந்தது. ஜோடிக்கு மூன்று வாரம் தொள்ளாயிரம். மேடைப் பூ அலங்காரம் இரண்டாயிரத்து நூறு. மாலை நானூற்று ஐம்பது. சந்தனம், கற்கண்டு, பன்னீர் எழுநூற்று ஐம்பது. தெர்மோகோல் பலகை இருநூறு. நாலாயிரத்து நானூறு.

"லைசென்ஸ் நாலாயிரத்து ஐந்நூறு. நூறு ரூபாய் லாபம்" என்றார் மேடம். "சாரோட மொய் இருபத்திரண்டையும் சேர்த்துக்குங்க. நூத்தி இருபத்திரண்டு."

முதலில் சிரித்தவர் பாலக்காட்டுப் பெரியவர். கடைசியில் பாஸ்கரனும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டினார். மிச்ச சீசனுக்கும் சேர்த்து விண்ணப்பம் கேட்டார். அந்தக் கையெழுத்துத் தாள் மூன்றையும் மேடம் கேட்டு வாங்கி, யோகராஜ் கையில் கொடுத்தார். அவர் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, முழுவதும் படித்தார். படித்துவிட்டுத்தான் கிழித்தார்.

அதோடு வேலை முடியவில்லை. பணம் வாங்கினால் மட்டும் போதாது, அன்று வாசித்த பாட்டுகளின் பட்டியல் வேண்டும். பட்டியல் இருந்தால்தான் அந்தப் பணம் உரியவருக்குப் போய்ச் சேரும். ஜெயசீலனிடம் படிவத்தைக் கொடுத்தேன். கால் மணியில் நிரப்பிக் கொண்டுவந்தார். 'எழுதியவர்', 'இசையமைத்தவர்' என்ற இரண்டு பத்தியிலும், பதினெட்டுப் பாட்டுக்கும், படத்தில் வாயசைத்த கதாநாயகன் பெயர்.

"இவரு எழுதலையேங்க" என்றேன்.

"அண்ணே, இது அவரு பாட்டுதாண்ணே. மேடையில அவரு பேரைச் சொன்னாத்தான் விசிலே வரும்."

"அந்தப் பணம் அவருக்குப் போகக் கூடாதுங்க."

"ஏண்ணே, அவருக்கு ஏற்கெனவே நெறைய இருக்குன்னா?"

மேடம் படிவத்தை வாங்கினார். "ஒவ்வொண்ணா முதல் ரெண்டு வரி வாசிங்க" என்றார். ஜெயசீலன் வாசித்தார். மேடம் கண்ணை மூடிக் கேட்டு, மெட்டமைத்தவரையும் எழுதியவரையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐந்தாவது பாட்டில் மேடத்தின் விரல்கள் கைப்பையின் மேல் தாளம் போட்டன. ஒன்பதாவதில் முணுமுணுத்தார். பன்னிரண்டாவதில், "இடையில வர்ற அந்த பிட்டைத் தப்பா வாசிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயசீலனை நகரச் சொல்லி, நின்றபடியே கீபோர்டில் வாசித்துக் காட்டினார். பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த பையன்கள்கூட நின்றுவிட்டார்கள். தவமணி மேடைப் படியில் உட்கார்ந்து, மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கி மடியில் போட்டபடி, கூடவே பாடினாள். பணம் வசூலிக்கப் போன இடத்தில் அப்படி ஒரு மதியம், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாயசமும் வந்து சேர்ந்தது. எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் குடித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து தெர்மோகோல் பலகை இல்லை. 'மதிய விருந்தும் இன்னிசையும்' என்று துணியிலேயே எழுதி வைத்துவிட்டார் பாஸ்கரன். கல்யாண வீடு என்று தயங்கிப் போய்விட்ட ஆட்களும் உள்ளே வர, கூட்டம் கூடியது. யோகராஜை ஜெயசீலன் தன்னோடு சேர்த்துக்கொண்டார். டிரையரும் மோட்டாரும் பார்த்த கைக்கு, ஜெனரேட்டரும் ஸ்பீக்கர் பெட்டியும் பெரிய விஷயமில்லை. கச்சேரிக்குக் கச்சேரி கூலி.

ஆடி கழிந்து ஒரு கடிதம் கோவை அலுவலகத்துக்கு வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் தவமணி எழுதியிருந்தாள். ஆவணியில் எஸ்டேட் கோயிலில் கல்யாணம். லயத்து மைதானத்தில் ஜெயசீலன் அண்ணன் குழு காசு வாங்காமல் வாசிக்கப் போகிறது. 'அதற்கு உங்களுக்கு ஏதாவது கட்ட வேண்டுமா? வேண்டாம் என்றால் வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில் தரவும். நாங்கள் இரண்டு பேரும் படித்துப் பார்த்து வைத்துக்கொள்வோம்.' பதில் அனுப்ப, விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய ஓர் உறையும் உள்ளே இருந்தது.

விலக்குள்ள நிகழ்ச்சிக்கு நாங்கள் சான்று கொடுக்கும் வழக்கமே கிடையாது. ரெஜினா மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "வழக்கம் இல்லைன்னுதான் புத்தகத்துல இருக்கு. கூடாதுன்னு இல்லைங்களே" என்றார். அலுவலகத் தலைப்புத் தாளில் நானே தட்டச்சு செய்தேன். யோகராஜ் – தவமணி திருமணத்தில் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் பாடலாம், ஆடலாம், ஒலிபெருக்கி வைக்கலாம், எவருக்கும் எதுவும் கட்டத் தேவையில்லை. மேடம் கையெழுத்திட்டு, அலுவலக முத்திரையைத் தானே குத்தினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்து ஜெயசீலன் தொடங்கிய கச்சேரி சாயந்திரம் மலையில் பனி இறங்கும் வரை நிற்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களெல்லாம் ஆடினார்கள். தவமணியின் அப்பா, சட்டமிட்டு மாட்டிய எங்கள் கடிதத்தைப் பந்தல் காலில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வருகிறவர் போகிறவரை நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது பாட்டுக்கு மேல் வாசித்திருப்பார்கள்.

அத்தனை பாட்டுக்கும் அவர்களுக்கு ஆன செலவு, கோவைக்குப் போக ஒரு தபால் தலை, திரும்பி வர ஒரு தபால் தலை. எட்டு ரூபாய்.